அழகம்மா தோளில் இருந்த கை

1. முதல் நாள் வேலை: ஒரு மூக்கு

ஹட்டன் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி கேமராவைத் தொடவே விடவில்லை. ஒரு கண்ணாடி நெகட்டிவையும் ஊசிபோலச் சீவிய பென்சிலையும் கையில் கொடுத்து, "இந்த ஆளு மூக்கச் சரி பண்ணு. பொண்ணு பாக்கப் போற படம்" என்றார்.

நெகட்டிவில் பென்சில் படும் இடம் படத்தில் வெளுக்கும். அம்மைத் தழும்பை நிரப்பலாம், கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பை எடுக்கலாம். இதற்கு ரீடச்சிங் என்று பெயர். அந்த மூக்கோடு நான் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினேன். முதலாளி பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு, "மூக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளு வேற ஆளாயிட்டானே சுப்பையா" என்றார். திட்டாமல் சொன்னதால் தைரியம் வந்தது. அப்படித்தான் என் இருபத்தெட்டு வருட வேலை தொடங்கியது.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்போது தேயிலைத் தோட்டத்து ஆட்கள் போட்டோ பிடிப்பது வாழ்நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. கோட்டும் கைக்கடிகாரமும் ஸ்டூடியோவிலேயே வைத்திருப்போம். ஒரே கோட்டை டிக்கோயா முதல் வட்டவளை வரைக்கும் எத்தனை மாப்பிள்ளைகள் போட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை.

பிறகு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் ஆட்களுக்கு நாடில்லை என்று ஆக்கிவிட்டு, வேண்டுமானால் விண்ணப்பம் போடு, இங்கேயே தொடர்ந்து குடியிருந்ததை நிரூபி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோ வாசலில் கோயில் கூட்டம் மாதிரி நிற்கும். காது தெரிய வேண்டும், பொட்டு இருக்கலாம், சிரிக்கக் கூடாது. இந்தப் படங்களில் மட்டும் பென்சில் வைக்காதே என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இது சர்க்கார் படம்பா. மூக்கு மாறுனா நாடு மாறிப்போயிரும்" என்பார்.

2. ஜாயின்ட்

எங்கள் ஸ்டூடியோவில் வெளியே போர்டு வைக்காத ஒரு வேலை இருந்தது. அதற்கு 'ஜாயின்ட்' என்று பெயர். குடும்பத்தில் பாதி இங்கேயும் பாதி இந்தியாவிலும் இருக்கும். ஒன்றாக நின்று படம் பிடிக்க வழி இருக்காது. ஊரிலிருந்து கடிதத்தோடு வந்த சின்னப் படத்தைக் கொண்டுவருவார்கள். அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு, பிளேடால் வெட்டி, வெட்டிய விளிம்பின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிசாக்கி, இங்கே எடுத்த படத்தின் மேல் ஒட்டி, விளிம்பில் தூரிகை பிடித்து, அதை மறுபடியும் கேமராவில் காப்பி எடுக்க வேண்டும். நான் அதில் கெட்டிக்காரன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சுதந்திரத்துக்கு அடுத்த வருடம், றொசல்ல பக்கத்துத் தோட்டத்திலிருந்து அழகம்மா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். புருஷன் செத்து ஒரு வருடம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள்.

"எங்க அக்காங்க. பொன்னம்மா. ஊர்ல இருக்கா. அவகூட நான் இருக்கிற மாதிரி ஒரு படம் வேணும்."

"எப்படி இருக்கணும்?"

"நான் ஒக்காந்திருக்கணும். அவ பின்னால நின்னு எந்தோளுல கை வச்சிருக்கணும். அண்ணே, கை கட்டாயம் இருக்கணும்."

தலையை ஒட்டலாம். கையை எங்கே போய் வெட்டுவது? அக்காவின் படத்தில் கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. அழகம்மாவுக்குப் பின்னால் யாராவது ஒரு பெண்ணை உண்மையாகவே நிற்கவைத்து, தோளில் கை போடச் சொல்லி எடுத்து, பிறகு அந்தப் பெண்ணின் தலையை மட்டும் மாற்ற வேண்டும். அந்நியப் பெண் யார் வந்து நிற்பாள்? கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. என் சம்சாரம் ராஜத்தைக் கூப்பிட்டேன்.

"நல்லா இருக்கு நியாயம். ஏழு மாச வயித்த வச்சிக்கிட்டு வந்து நான் போட்டோவுக்கு நிக்கணுமா?" என்று கத்திக்கொண்டே வந்தாள். வயிறு நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும் என்று சொல்லி நிறுத்தினேன். பின்னால் தொங்கியது கோபுரம் வரைந்த ஸ்கிரீன். மலை வரைந்த ஸ்கிரீனும் இருந்தது. அழகம்மாதான், "ஊர் மாதிரி இருக்கட்டும்" என்று கோபுரத்தைக் கேட்டாள்.

ராஜத்தின் இடதுகைச் சுண்டுவிரல் சின்ன வயதில் ஒடிந்து கோணலாகக் கூடிய விரல். அதை மறைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். பிரிண்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. பென்சில் வைத்து நிமிர்த்தியிருக்கலாம். கழுத்து விளிம்பிலேயே என் கண் போய்விட்டது, விரலை விட்டுவிட்டேன்.

படத்தை வாங்கியதும் அழகம்மா, தோளில் இருந்த கையை மட்டும் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். ராஜம் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது, "என் கைய அவ அக்கா கைன்னு நெனச்சிக்கிட்டுப் போறா. எனக்கு ஒரு மாதிரியா இருக்குங்க" என்றாள்.

3. துரைமார் கண்காட்சியும் எங்கள் கண்காட்சியும்

நுவரெலியாவில் சீசன் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் சேர்ந்து ஒரு படக்கண்காட்சி வைப்பார்கள். அவர்களில் சிலருக்கு நாங்கள்தான் பிரிண்ட் போட்டுக் கொடுப்போம். ஒரு வருடம் பிரேம்களைக் கொண்டுபோய் மாட்டும் வேலைக்கு நான் போனேன். ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஆக்னஸ் டீச்சரும் கூட வந்தார். டிக்கோயா பக்கம் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் படித்து, டீச்சரானவர். வாய் கொஞ்சம் அதிகம். எனக்கு அவரைப் பிடிக்கும்.

படங்கள் நன்றாகத்தான் இருந்தன. பனி, அருவி, நாய், குதிரை. நாய்க்கும் குதிரைக்கும் கீழே பெயர் எழுதியிருந்தது. தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்ணின் படத்துக்குக் கீழே 'கொழுந்துக்காரி' என்று மட்டும் இங்கிலீஷில் இருந்தது. டீச்சர் அந்தப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"சுப்பையாண்ணே, நாய்க்குப் பேர் இருக்கு, பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர்."

"நம்ம ஒரு எக்சிபிஷன் வைப்போம். நம்ம ஆளுங்க வீட்டுப் படங்கள வாங்கி மாட்டுவோம். ஒவ்வொண்ணுக்கும் கீழ யாரு, எவருன்னு எழுதுவோம். மனசுல இருக்கிறதையும் ஒரு வரி எழுதுவோம்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே பேச்சு. சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் பள்ளிக்கூட ஹாலைக் கேட்டு வாங்கிவிட்டார்.

லயம் லயமாகப் போய்ப் படம் கேட்டோம். காம்பரா என்கிற லயத்து அறையின் சுவரிலிருந்து படத்தைக் கழற்றும்போது சிலர் கற்பூரம் கொளுத்தினார்கள். ஒரு தாய் படத்தைத் தந்துவிட்டு, வெறும் ஆணியைப் பார்க்க முடியவில்லை என்று அதில் ஒரு காலண்டரை மாட்டினாள். அட்டையில் எழுதுவதற்கு அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே நான் இந்தியன் இங்க்கில் எழுதினேன். 'இவன் ஊருக்குப் போன பிறகு நாங்கள் விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிடுகிறோம்' என்று ஒன்று. 'இந்தக் கோட்டு என்னுடையது இல்லை, சிரிப்பு என்னுடையது' என்று இன்னொன்று.

மாட்டுவதில் ஒரு தவறு செய்தேன். நம் வழக்கத்தில் செத்தவர் படத்துக்குத்தான் மாலை, பொட்டு எல்லாம். மாலை போட்ட படத்தோடு உயிரோடு இருப்பவர் படத்தை ஒரே வரிசையில் மாட்டக் கூடாது. எனக்கு அளவுதான் கண்ணில் பட்டது, பெரிய பிரேம்களையெல்லாம் ஒரே சுவரில் மாட்டிவிட்டேன். முதல் நாள் காலையில் ஒரு கிழவர் வந்து பார்த்துவிட்டு, "அடப் பாவி, என்னைய ஏன்டா செத்தவன் வரிசையில மாட்டுன? நான் இன்னைக்குக் காலையிலயும் பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேரு குடுத்துட்டுத்தான்டா வர்றேன்!" என்று ஹாலே அதிரும்படி கத்தினார். கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, செத்தவர்களுக்கென்று தெற்குச் சுவரை ஒதுக்கினேன்.

அதைச் சரி செய்துவிடலாம், சரி செய்தேன். அதே வாரத்தில் செய்த இன்னொரு தவறுதான் இந்தக் கதை.

அழகம்மா அதற்குள் றொசல்லயை விட்டு டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். அந்த லயத்தில் அவளைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. புருஷன் இல்லாதவள், கூடப்பிறந்தவர் யாரும் எட்டிப்பார்க்காதவள் என்றால் லயத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்கு நாளைக்கு ஒரு சடங்கு என்றால் தாய்வீட்டுச் சீர் என்று யார் தட்டு தூக்கி வருவது? அதனால், புருஷன் செத்த பிறகு ஊருக்குப் போய் அக்கா வீட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தேன் என்று சொல்லி, நான் செய்த படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். எனக்கும் ஆள் இருக்கிறது என்று காட்டத்தான். அந்தப் படத்தைத்தான் கண்காட்சிக்குக் கொண்டுவந்தாள்.

"அட்டையில என்ன எழுத?" என்று கேட்டேன்.

அவளோடு லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஊர்ல அக்கா வீட்டுல ரெண்டு வருசம் இருந்தப்ப எடுத்ததுன்னு எழுதுங்கண்ணே" என்றாள்.

எடுத்தவன் நான். ஒட்டியவன் நான். அது எங்கே எடுத்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பெண்கள் முன்னால் அவளைத் தலைகுனிய வைக்க மனம் வரவில்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்து, நல்ல தடித்த எழுத்தில் அப்படியே எழுதினேன். 'ஊரில் அக்கா வீட்டில் இரண்டு வருடம் இருந்தபோது எடுத்தது. அக்கா கை பட்டால் எனக்குப் பயம் இல்லை.'

அந்தப் படத்துக்கு முன்னால்தான் பெண்கள் கூட்டம் அதிகம். அழகம்மா மூன்று நாளும் பக்கத்திலேயே நின்று அக்கா வீட்டுக் கதையைச் சொன்னாள். கிணறு, மாடு, வாசல் வேம்பு எல்லாம் அதில் இருந்தன. நான் காதில் வாங்காதது போல ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

4. பெட்டிசன்

மூன்று மாதம் கழித்து அழகம்மா ஒரு பழுப்புக் கவரை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடிவந்தாள். கொழுந்துக் கூடையின் கயிறு பட்ட தடம் இன்னும் நெற்றியில் இருந்தது. மலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. ஆக்னஸ் டீச்சரை வரவழைத்துப் படிக்கச் சொன்னோம். அவளுடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தை யாரோ மொட்டைப் பெட்டிசன் போட்டு எதிர்த்திருக்கிறார்கள். 'இவள் இரண்டு வருடம் இந்தியாவில் இருந்தவள். அவளே பொது இடத்தில் படம் மாட்டி எழுதி வைத்தாள்' என்று பெட்டிசன் சொன்னது. ஒரு வருடத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் விண்ணப்பம் விழுந்துவிடும். அந்த இரண்டு வருடம் றொசல்லயில் பெயர் பதிந்து வேலை செய்ததற்குத் தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோல்தான் சாட்சி. அந்தச் செக்ரோலைக் கறையான் தின்றுவிட்டது என்று தோட்டத்து ஆபீசிலிருந்து ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பழைய தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் முந்திய விசாரணையில் வாயால் சொன்னதை ஏற்கவில்லை. இப்போது படத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

டீச்சர் கடிதத்தை மடித்துவிட்டுக் கேட்டார். "அழகம்மா, மறைக்காம சொல்லு. நீ ஊருக்குப் போனியா, இல்லியா?"

அழகம்மா தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். "போகல டீச்சர். அந்தப் படம் இதே ரூம்ல எடுத்தது. நான்தான் ஒட்டுனேன்."

"அப்ப தெரிஞ்சேவா அட்டைய எழுதுனீங்க?"

"தெரிஞ்சேதான்."

டீச்சர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவருக்கு அந்த வார்த்தைகள் எங்கே கிடைத்தன என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். ஆனால் எல்லாம் நான் வாங்க வேண்டியவைதான். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவளுடைய நாட்டையே என் கையெழுத்தால் பிடுங்கிவிட்டேன். அன்று வேலையில் இரண்டு கண்ணாடி நெகட்டிவைக் கீழே போட்டு உடைத்தேன்.

முதலாளியிடம் போய், விசாரணையில் நான் சாட்சி சொல்லப்போகிறேன் என்றேன். அவர் பதறிப்போனார்.

"என்னான்னு சொல்லப்போற? நாங்க தலைய வெட்டி ஒட்டுறவங்கன்னா? சர்க்கார் படமெல்லாம் நம்மகிட்ட எடுக்கிறாங்கடா! இவனுங்க ஒட்டுக்காரனுங்கன்னு தெரிஞ்சா ஒரு படத்தையும் ஏத்துக்க மாட்டான். நம்மகிட்டப் படம் எடுத்த அத்தன பேரு விண்ணப்பமும் நாசமாப் போயிரும். யோசிச்சியா?"

உண்மையைச் சொன்னால் அதை நான் யோசிக்கவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. "சர்க்கார் படத்துல நான் பென்சில்கூட வச்சதில்ல, முதலாளி. அதையும் சேத்தே சொல்றேன்" என்றேன்.

"போறதுன்னா போ. திரும்பி இந்தப் படி ஏறாத."

வீட்டுக்குப் போய் ராஜத்திடம் வேலை போகப்போகிறது என்று சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "உங்க வாய்ப்பேச்ச எந்த ஆபீசர் நம்புவாரு? ஒட்டுனதே தெரியாம ஒட்டியிருக்கீங்க, பெரிய கெட்டிக்காரரு" என்றாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். "நானும் வர்றேன். அது என் கை" என்றாள்.

5. நுவரெலியாவில்

விசாரணை அறை சின்னது. அதிகாரி சிங்களவர். இங்கிலீஷில் பேசினார். தமிழில் மாற்றிச் சொல்ல யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பிரேமில் போட்ட படம், அதன் மேல் என் அட்டை.

அதிகாரி கோபுரத்தைத் தொட்டுக் காட்டினார். "இது தென்னிந்தியக் கோயில்தானே எண்டு கேக்கிறார்" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

நான் எழுந்து, அது எங்கள் ஸ்டூடியோ ஸ்கிரீன், படம் ஜாயின்ட் படம், தலையை நான் வெட்டி ஒட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கழுத்துப் பக்கத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"ஒட்டின அடையாளம் ஒண்டும் தெரியேல்லையாம். இந்தப் பிள்ளையைக் காப்பாத்த நீர் கதை சொல்லுறீர் எண்டு நினைக்கிறார்."

வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது அதுதான். அந்த நேரத்தில் அது என் நெஞ்சில் குத்தியது.

ராஜம் யாரும் கூப்பிடாமலே எழுந்தாள். அழகம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, இடதுகையைத் தூக்கி அவள் தோளில் வைத்தாள். "ஐயா, அந்தப் படத்துல இருக்கிற சுண்டுவிரலப் பாருங்க. இப்ப இதப் பாருங்க" என்றாள்.

அதிகாரி படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். பூதக்கண்ணாடியைப் படத்தில் வைத்தார், பிறகு ராஜத்தின் கையில் வைத்தார். கோணல் விரல் இரண்டிலும் ஒரே கோணல். அவர் ஏதோ சொன்னார்.

"கை உங்கட கைதானாம். ஆனா எந்த வருசம் எடுத்தது எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

"அப்ப எம்மகன் வயித்துல ஏழு மாசம். அதுனாலதான் இவரு என்னைய நாற்காலிக்குப் பின்னால நிப்பாட்டுனாரு. எனக்கு ஒரே புள்ளைதான்யா." மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிறந்த எங்கள் மகனின் பிறப்புச் சான்றிதழ். அன்றைக்கு டிரங்குப் பெட்டியில் தேடியது இதைத்தான். என் மண்டைக்கு அது எட்டவே இல்லை பாருங்கள். அதிகாரி தேதியைப் பார்த்தார், விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். படம் எடுத்த மாதம் அவர்கள் கேட்ட இரண்டு வருடத்துக்கு நட்டநடுவில் வந்து விழுந்தது.

அவர் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் விடவில்லை. அழகம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப மூண்டு நாளும் ஹாலிலை நிண்டு அக்கா வீட்டிலை இருந்தன் எண்டு சனத்துக்குச் சொன்னதென்ன எண்டு கேக்கிறார். நீங்கள் அக்காவைக் கடைசியாக் கண்டது எப்ப? உண்மையைச் சொல்லுங்கோ, பயப்பிட வேண்டாம்."

அழகம்மா வாயைத் திறக்கவில்லை. பின் பெஞ்சில் அவளுடைய லயத்து ஆட்கள் இரண்டு பேர் சாட்சிக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கிணற்றையும் மாட்டையும் வேம்பையும் அவள் வாயால் கேட்டவர்கள். அவர்கள் முன்னால் எனக்கு யாருமில்லை என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாடு இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர் மறுபடி கேட்டார். அதிகாரி பேனாவை மூடினார்.

ராஜத்தின் கை இன்னும் அவள் தோளிலேயே இருந்தது. "சொல்லிரு தாயி" என்றாள் ராஜம்.

"எனக்கு ஒம்போது வயசுங்கையா. அவளுக்குப் பன்னெண்டு. அதுக்கப்பறம் நான் அவ மூஞ்சிய நேர்ல பாக்கல. அவ வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. மாடு இருக்கான்னும் தெரியாது. நான் சொன்னதெல்லாம் பொய்யிங்க."

சொல்லிவிட்டு, பின் பெஞ்சுப் பக்கம் திரும்பாமலே முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாழ்ப்பாணத்துக்காரர் அதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

அதிகாரி படத்தைப் பிரேமிலிருந்து கழற்றச் சொன்னார். பின்பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார். முடிவு வரும்போது படமும் வருமாம். பஸ்ஸில் வரும்போது அந்த லயத்து ஆட்களில் ஒருவர், தன் பக்கத்து இடத்தைக் காட்டி, "இங்க வந்து ஒக்காரு புள்ள" என்று அழகம்மாவைக் கூப்பிட்டார். கிணற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

6. படத்தின் முதுகு

முதலாளி சொன்னபடியே என்னைப் படியேற விடவில்லை. ஆறு வாரம் விறகுக் கடையில் எழுத்து வேலை பார்த்தேன். அதிகாரி எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த விண்ணப்பப் படங்களை வாங்கிச் சோதித்தார் என்று கேள்விப்பட்டேன். ஒன்றிலும் பென்சில் தடம் இல்லை. ஏழாவது வாரம் முதலாளியே வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, "கல்யாண சீசன் வருது. தழும்பு மூஞ்சியெல்லாம் அப்படியே கெடக்கு. வா" என்றார். மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. போய்விட்டேன்.

அழகம்மாவுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கிடைத்த அன்று, சான்றிதழோடு திரும்பி வந்த படத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். ராஜத்துக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். எனக்கு ஒன்றுமில்லை. அதுவும் சரிதான்.

படத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினாள்.

"பின்னால அந்த ஐயா என்னமோ எழுதியிருக்காரு. என்னாண்ணே எழுதியிருக்கு?"

இரண்டு வரி இங்கிலீஷ். அந்த அளவு எனக்குப் படிக்கத் தெரியும். ஏதாவது நல்லதாக மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நாக்கு வரைக்கும் வந்தது. ஒரு தடவை அப்படிச் செய்து பட்டது போதும் என்று உள்ளதையே சொன்னேன்.

"இது ஹட்டன்ல செஞ்ச படம். இந்த ரெண்டு பேரும் ஒருநாளும் ஒண்ணா நின்னதில்லன்னு எழுதியிருக்கு."

அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது. "அது எப்படி அப்படி எழுதலாம்? நின்னோமே!"

"எங்க நின்னீங்க?"

"மண்டபம் கேம்புல. இங்க வர்ற கப்பலுக்கு முந்தி எல்லாரையும் வரிசையில நிப்பாட்டி டாக்டரு கண்ணப் பாத்தாரு. எனக்கு முன்னால அக்கா. அவளுக்குக் கண்ணுல சீக்குன்னு தனியா இழுத்து நிப்பாட்டிட்டாங்க. கண்ணு ஆறுனதும் அடுத்த ஆள்கூட அனுப்பிவைப்பாங்கன்னு சொல்லித்தான் எங்கப்பா எங்கள ஏத்துனாரு. அவள அனுப்பவே இல்ல. வரிசையில நிக்கிற வரைக்கும் அவ எந்தோளப் புடிச்சிக்கிட்டுத்தான் நின்னா. இந்தத் தோளுதான்." வலது தோளைத் தொட்டுக் காட்டினாள்.

படத்தில் ராஜம் கை வைத்தது இடது தோளில்.

இந்தப் பெண்ணின் படத்தை எடுத்தேன், ஒட்டினேன், மாட்டினேன், அட்டை எழுதினேன், சாட்சி சொன்னேன். முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கோபுரமா மலையா என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் கடைசியாக எங்கே நின்றீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்காட்சி அட்டையில் எழுத ஒரு உண்மை கிடைத்திருக்கும். யாரும் பெட்டிசன் போட்டிருக்க முடியாது. அவளும் அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி ஆகியிருக்க வேண்டாம்.

"அந்த ஐயா எழுதுனதுக்குக் கீழ நீங்க எழுதுங்க" என்றாள். "தமிழ்ல எழுதுங்க. எம்மக படிப்பா."

ரீடச்சிங் பென்சிலை எடுத்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். 'நானும் பொன்னம்மாவும் மண்டபம் கேம்பில் ஒன்றாக நின்றோம். எனக்கு ஒன்பது வயது.' வாசித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

அதன் பிறகும் ஜாயின்ட் படம் கேட்டு ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். வேலையை நான் விடவில்லை. ஆனால் பிளேடைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுவேன். "கடைசியா எங்க ஒண்ணா நின்னீங்க? யாரு எந்தப் பக்கம்?" சிலர் உடனே சொல்வார்கள். சிலர் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் சொல்லும் வரைக்கும் காத்திருப்பேன்.